இரண்டு முறை உருகிய மெழுகு

மார்ச் 4, செவ்வாய்

என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் இன்று என் வரைபடத்தை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார். அதில் இரண்டு கோடுகள். சிவப்புக் கோடு, மொட்டைமாடியில் நாங்கள் கட்டியிருக்கும் சோதனை அறைக்குள் கருவி வைத்து அளந்த சூடு. நீலக் கோடு, அந்த அறை இவ்வளவுதான் சுடும் என்று என் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னது. காலையில் ஏறி, மதியம் தயங்கி, சாயங்காலம் இறங்கும்வரை நீலம் சிவப்பின் மேலேயே போகிறது.

"ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். "அதனால?" என்று கேட்கவில்லை! யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "அதனால?" என்று கேட்டு ஆளைக் கதிகலங்க வைப்பவர். இன்று மட்டும் கேட்கவில்லை.

மெஷ் அண்ணா வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கணக்குப் போடுவதற்குமுன் கூரையைக் கட்டம் கட்டமாக வெட்ட வேண்டும், அந்த வலைக்குப் பெயர் மெஷ். அதைத் தவிர வேறு பேச்சே பேசாததால் அவருக்கு இந்தப் பெயர். "கொடுத்துவச்சவ நீ. என்னோட முதல் கோடு சிவப்பைக் கண்டதும் தலைதெறிக்க ஓடிப்போச்சு."

இதை வைத்து எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது என்று மேடம் சொல்லிவிட்டார். முதல் பெயர். எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதிலும் அச்சில் வந்ததில்லை.

மார்ச் 5, புதன்

வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. அம்மா வேலை செய்யும் சலவைக் கடைக்குச் சட்டை கொண்டுவருகிற எல்லோருக்கும் செய்தி போய்விட்டது.

"எந்தப் பேப்பர்ல வருது? எதிர்வீட்டுல வாங்கறாங்களே, அதுலயா?"

"இல்லம்மா. இது ஆராய்ச்சிப் பத்திரிகை."

"அதை யாரு படிப்பா?"

"எங்களை மாதிரி ஆராய்ச்சி பண்றவங்க."

"அப்ப உங்களுக்குள்ளயே எழுதி உங்களுக்குள்ளயே படிச்சுக்கறீங்க" என்று சொல்லி முடித்துவிட்டாள். இதை மேடமிடம் சொன்னால் ரசிப்பார். சொல்ல எனக்குத்தான் வாய் வராது.

அப்பா, தான் ஓட்டும் வேனைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பேரு முழுசா போடுவாங்களா, முதல் எழுத்து மட்டுமா?"

மார்ச் 7, வெள்ளி

என்னவோ சரியில்லை.

கட்டுரையில் கணக்குக்கு என்னென்ன உள்ளே கொடுத்தோம் என்று எழுத வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டரில் இருக்கும் மேடமின் பழைய கணக்குக் கோப்பை வரி வரியாகப் படித்தேன். இந்தக் கோப்பு நான் இங்கே வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மேடமே எழுதியது. எல்லோரும் அதில் தங்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

சோதனை அறைக்குக் கூரையாகப் போட்டிருக்கும் எங்கள் பலகை மரத்தூளும் பழைய காகிதமும் சேர்த்து அழுத்தியது. உள்ளே மெழுகு. வெயில் ஏறினால் மெழுகு உருகும். உருகும்போது சூட்டை விழுங்கிக்கொள்ளும், அதனால் அறைக்குள் சூடு இறங்காது. அந்த உருகும் வெப்பத்துக்குக் கோப்பில் தனியாக ஓர் இடம் இருக்கிறது. எண் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பலகையைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பாகை பாகையாகச் சோதித்து வாங்கிய அட்டவணை ஒன்றும் அதே கோப்பில் இருக்கிறது. அதை வரைந்து பார்த்தால் நடுவில் ஒரு திமில். மெழுகு உருகும் இடத்தில். அந்தத் திமிலே உருகும் வெப்பம்தானே?

அப்படியானால் இரண்டு முறை சேர்த்திருக்கிறோமா? வருகைப் பதிவில் ஒரே ஆளைப் பெயரைச் சொல்லி ஒருமுறையும் பட்டப்பெயரைச் சொல்லி இன்னொரு முறையும் கூப்பிட்டு, இரண்டு பேர் என்று எண்ணிய மாதிரி?

எனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது. மேடம் இப்படிச் செய்வாரா?

மார்ச் 10, திங்கள்

தனி இடத்தில் இருந்த எண்ணை எடுத்துவிட்டுக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். நீலக் கோடு மதியத்தில் சிவப்பை விட்டுவிட்டு மேலே போய்விட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு விரல் புகும் இடைவெளி. இந்தக் கணக்குப்படி அறை இன்னும் சூடாக இருக்க வேண்டும். ஆனால் இல்லை. அளந்தது குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

எண்ணைத் திரும்பப் போட்டேன். கோடு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தப்போடு இருந்தால் சரியாக வருகிறது. சரி செய்தால் தப்பாகப் போகிறது. அப்படியென்றால் எது தப்பு?

மார்ச் 11, செவ்வாய்

கருவியில் கோளாறோ என்று மாடிக்குப் போனேன். அங்கே இரண்டு அறைகள். ஒன்றுக்குச் சாதாரணத் தகரக் கூரை, மற்றொன்றுக்கு எங்கள் பலகைக் கூரை. கருவிகளை இதிலிருந்து அதற்கு மாற்றிக் கட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. தகரக் கூரை அறைக்குக் கணக்கும் அளவும் ஒத்துப்போகின்றன. ஆக, கருவி பொய் சொல்லவில்லை. வேறு யார் சொல்வது?

மார்ச் 12, புதன்

மெஷ் அண்ணாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். "அண்ணா, அந்தக் கோப்புல உருகும் வெப்பம் எங்கெங்க வருது?"

"ஏன்? பொருந்துதுல்ல?"

"பொருந்துது."

"அப்புறம் என்ன? ஓடற வண்டியோட போல்ட்டை யாராவது கழட்டிப் பார்ப்பாங்களா? அது என் ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயத்தையும் தாங்கிட்டு நிக்குது. கைவைக்காதம்மா, புண்ணியமாப் போகும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 14, வெள்ளி

மேடமின் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. பக்கத்துச் சுவரில் தீயணைக்கும் குப்பி தொங்குகிறது. அதை எப்படிப் பிடிக்க வேண்டும், ஊசியை எப்படி உருவ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தீப்பிடித்தால் என்னைக் கூப்பிடலாம்.

போய் என்னவென்று சொல்வது? "உங்க கோப்புல தப்பு இருக்கு மேடம்." சரி. "அதைத் திருத்தினா நம்ம பொருத்தம் போயிடும் மேடம்." சரி. "ஏன்னு எனக்குத் தெரியாது மேடம்." இதைச் சொல்ல ஒருத்தி கதவைத் தட்ட வேண்டுமா?

தெரியாத என்னால் தெரிந்தவரைத் தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

மார்ச் 16, ஞாயிறு

அம்மா, கடைக்கு வரும் வக்கீல் வீட்டம்மாவிடமும் சொல்லிவிட்டாளாம். "உங்க பெரிய டீச்சர் பேருக்கு முன்னாடி உன் பேரு வருமாமே, அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களா?" என்று கவலைப்படுகிறாள்.

புதன்கிழமை உடைப்பு.

மார்ச் 18, செவ்வாய்

உடைப்பு என்பது எங்கள் சோதனைக்கூடத்தின் வழக்கம். ஒரு கட்டுரை வெளியே போவதற்குமுன் எல்லோரும் உட்கார்ந்து அதை உடைத்துப் பார்க்க வேண்டும். கேள்வி கேட்கலாம், கிண்டல் செய்யலாம், எதுவும் செய்யலாம். ஒரே ஒரு விதி: எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. "கட்டுரை போற இடத்துக்கெல்லாம் நீயும் கூடவே போய் விளக்கம் சொல்லப்போறியா?" என்பார் மேடம். சொந்தக் காலில் நிற்க முடியாத கட்டுரை விழட்டும் என்பது அவர் நியாயம்.

என் மாதிரி ஆளுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாராவது கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடிக்காவிட்டால் — நான்தான் பேசக் கூடாதே. விதி.

இப்படி நினைத்ததை எழுதிவைக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

படுக்கும் நேரம் தாண்டிவிட்டது. இருந்தாலும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நான்தான் நடு நாற்காலி. சுற்றி எல்லோரும். முதலில் ஹீட்டர் அக்கா. பலகைகளை அழுத்திச் செய்வது அவர்தான். பெயர் சூடாக்கி அழுத்தும் இயந்திரத்தால் வந்ததா, அவர் கோபத்தால் வந்ததா என்று இன்றுவரை தீர்ப்பு ஆகவில்லை. "என் பலகையோட தடிமன் ஒரே மாதிரின்னு எழுதியிருக்கா. எங்கேடி ஒரே மாதிரி? ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. என்னைக் கேட்டியா?" நியாயமான கேள்வி. குறித்துக்கொண்டேன்.

அடுத்து மெஷ் அண்ணா. வலை இன்னும் நெருக்கமாக இருக்கலாம் என்றார். "உங்க கல்யாணத்துலயும் பந்தலைக் கட்டம் கட்டமா வெட்டித்தான் போடுவீங்களா?" என்று ஹீட்டர் அக்கா கேட்க, மேடமே சிரித்துவிட்டார்.

யாரும் கோப்பைத் திறக்கவில்லை. ஏன் திறப்பார்கள்? அது மேடமுடையது.

மேடம் பேனாவை மூடினார். "பெருசா விரிசல் ஒண்ணும் இல்ல. நாளைக்கு அனுப்பிடலாம்." எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிச் சத்தம். முடிந்தது, வாயை மூடிக்கொண்டு எழுந்து போ, போ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"மேடம், உருகும் வெப்பம் ரெண்டு தடவை இருக்கு."

என் குரல் மாதிரியே இல்லை. ஹீட்டர் அக்கா, "ஏய், நீ பேசக் கூடாது" என்றார், பழக்கத்தில்.

மேடம் என்னைப் பார்த்தார். "எங்க?"

"அட்டவணையிலயும் இருக்கு. தனியாவும் இருக்கு."

"அதனால?"

அந்தச் சொல். இரண்டு வாரமாக எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தது.

"அதனால என்னன்னு எனக்குத் தெரியல மேடம். ஒண்ணை எடுத்தா பொருந்த மாட்டேங்குது. வெச்சிருந்தா பொருந்துது. ஆனா வெச்சிருக்கறது தப்பு. தப்புன்னுதான் நினைக்கறேன். எனக்குப் புரியல."

யாரும் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. மேடம் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்த் தானே அந்த எண்ணை எடுத்துவிட்டு ஓட்டினார். கோடு முடிகிறவரை திரும்பவே இல்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் கிளம்பி மேலே போனது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரம் பேசாம இருந்துட்டு, பேசக் கூடாத இடத்துல பேசறே."

திட்டினாரா, பாராட்டினாரா? அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்

மேடம் வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

மேடமிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். "கட்டுரையை அனுப்பவில்லை. பழைய கோப்பை யாரும் பயன்படுத்த வேண்டாம். திங்கள்கிழமை மாடியில் சந்திப்போம்."

மெஷ் அண்ணா என் மேசைக்கு வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பிட்டே. நீ முதல் வருஷம், உனக்கு நேரம் இருக்கு. நான் இந்த வருஷம் ஆய்வேட்டைக் கொடுக்கணும். என் மூணாவது அத்தியாயம் மொத்தமும் அந்தக் கோப்பு. என்கிட்டயாவது முன்னாடி வந்து சொல்லியிருக்கலாம்ல?"

சொல்ல வந்தேன் அண்ணா. சுற்றிவளைத்து வந்தேன். நேராக வரத் தெரியவில்லை. — இதையும் அவரிடம் சொல்லவில்லை.

நான் செய்தது சரிதானா? சரியென்றால் ஏன் எல்லோருக்கும் நஷ்டமாக இருக்கிறது?

மார்ச் 23, ஞாயிறு

"பேரு வந்துடுச்சா?" என்று அம்மா கேட்டாள். "நாளாகும்" என்றேன். "அச்சடிக்கவா நாளாகுது?" என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவளைச் சாப்பிட விடு" என்றார்.

மார்ச் 24, திங்கள்

நல்ல வெயிலில் எல்லோரும் மாடியில். மேடம் பலகைக் கூரை அறைக்குள் குனிந்து நுழைந்து கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, "உள்ள நெஜமாவே குளிர்ச்சியாதான் இருக்கு. கணக்குதான் சூடுங்குது. ஏன்?" என்றார்.

ஒவ்வொருவரும் ஒன்று சொன்னோம். காற்று என்றார் ஒருவர். பலகையின் மேல்பக்க நிறம் என்றார் இன்னொருவர். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் தெரியல" என்றார். 

அவர் வாயால் அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கே தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 2, புதன்

சோதித்தாயிற்று, காரணம் காற்று இல்லை. நிறம் இல்லை. அவ்வளவுதான் இன்று.

ஏப்ரல் 10, வியாழன்

ஒரு கருவியைத் திரும்ப ஒட்டுவதற்காகக் காலையில் ஹீட்டர் அக்காவும் நானுமாக ஒரு பலகையைக் கழற்றி இறக்கினோம். மதியம், வெயிலில் கிடந்த அதே பலகையை ஏற்றினோம். அக்கா பாதியில் நின்றுவிட்டார்.

"ஏய், காலைல நீ சரியாப் பிடிக்காம என்மேல சாச்சுட்டியா, இல்ல சாப்பிட்டதும் எனக்கு பலம் வந்துடுச்சா? இப்ப லேசா இருக்கே."

எனக்கும் லேசாக இருந்தது. ஆனால் நான் எல்லாவற்றிலும் என்னையே சந்தேகப்படுகிறவள். அக்கா அப்படி இல்லை. என்னைத் தராசு எடுத்துவரச் சொன்னார்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் நிறுத்தோம். மதியம் நிறுத்தோம். குறைகிறது. நாளைக் காலையில் ஏறியிருக்கிறதா பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

ஏறியிருக்கிறது.

விடுமுறை என்றுகூடப் பார்க்காமல் மேடமுக்குப் போன் செய்தேன். வாசலில் நிற்கவில்லை. போனுக்கு வாசல் இல்லை, அதனாலும் இருக்கலாம்.

"பலகை ராத்திரியில எடை ஏறுது, பகல்ல இறங்குது மேடம்."

"அதனால?"

"தண்ணி மேடம். மரத்தூளும் காகிதமும் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்குது. வெயில் வந்ததும் அது காயுது. காயறப்ப சூட்டை எடுத்துக்குது. நம்ம கணக்குல தண்ணியே இல்ல. அந்த இடத்தை, தப்பா ரெண்டாவது தடவை சேர்த்த மெழுகு அடைச்சிருக்கு."

அந்தப் பக்கம் மேடம் ஏதோ எழுதுகிற சத்தம். 

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "மெழுகு என்ன வேலை செய்யுது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மெழுகுதான் பலகையிலேயே விலை கூடியது. எங்கள் ஆய்வின் பெயரிலேயே மெழுகு இருக்கிறது. ஒரு கேள்வியை மூடினால் அதன் அடியில் அதைவிடப் பெரியதாக ஒன்று.

மே 6, செவ்வாய்

மெழுகே இல்லாத பலகையை ஒரு வாரமாக ஏற்றியிருக்கிறோம். வறண்ட நாளில் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சி. புழுக்கமான நாளில் காலை வாரிவிடுகிறது. அப்போது மெழுகுதான் கைகொடுக்குமா? இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுகின்றனவா, இல்லை தடுக்கின்றனவா? தண்ணீரையும் சேர்த்து என் கணக்கைப் புதிதாக எழுதியிருக்கிறேன். நீலம் சிவப்புக்குப் பக்கத்தில் வருகிறது. பிறகு தன் பாட்டுக்குப் போய்விடுகிறது.

மெஷ் அண்ணா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேசிப் பல நாட்கள் ஆகியிருந்தன. "உன் தண்ணியை என் அத்தியாயத்துல சேர்த்துக்கட்டுமா? அடிக்குறிப்புல இல்ல. முறையா, உன் பேரோட."

"சேர்த்துக்குங்க அண்ணா. ஆனா அது முழுசாப் பொருந்தல."

"பொருந்தினா நம்பியிருக்க மாட்டேன், கேட்டிருக்கவே மாட்டேன்" என்றார். கோபம் முழுக்கப் போகவில்லை. நாற்காலி மட்டும் வந்துவிட்டது.

மே 20, செவ்வாய்

பழைய கோப்பை வைத்து மேடம் முன்பே வெளியிட்ட கட்டுரைகள் உண்டாம். அவற்றிலும் அதே இரட்டைக் கணக்கு. பத்திரிகைகளுக்குத் தானே எழுதிவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னார். "உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். நானா கேட்டேன்? "இருக்கு" என்றார். பிறகு அன்றைய அளவுகளைக் காட்டச் சொன்னார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மேடமின் பழைய கட்டுரைக்குத் திருத்தம் வெளியாகியிருக்கிறது. அரைப் பக்கம். வெப்பம் இருமுறை சேர்க்கப்பட்டதாகவும், முடிவுகளின் எந்தப் பகுதியை இனி ஏற்க வேண்டாம் என்றும், பிழையைச் சுட்டிக்காட்டிய ஆய்வு மாணவிக்கு நன்றி என்றும் போட்டிருக்கிறார்கள். அங்கே என் பெயர். முழுசாக.

அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கடையில் முடியாத துணிகளை வீட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயர் எது என்று காட்டச் சொன்னார்.

"இதுல நீ எழுதினது எது?"

"எதுவும் இல்லப்பா. அவங்க எழுதினதுல தப்பு இருக்குன்னு சொன்னேன்."

"யாரு, உங்க பெரிய டீச்சரா? அவங்ககிட்டயேவா?"

"ஆமா."

"அதுக்கு நன்றின்னு போட்டிருக்காங்களா?"

"ஆமாப்பா."

அப்பா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "முன்னாடி இருந்த கம்பெனியில, ஸ்கூல் வண்டிக்கு பிரேக் சரியில்ல, புள்ளைங்களை ஏத்த மாட்டேன்னேன். மறுநாள்லேர்ந்து வர வேணாம்னுட்டாங்க."

அந்த வேலையைத் தானே விட்டுவிட்டதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார். பிடிக்கவில்லை என்றார், அவ்வளவுதான். அதற்காக அம்மா அவரிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்தாள் என்று எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இதை ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா என்ன ஆகியிருக்கும்?"

அம்மா என்னைப் பார்த்தாள், படித்தவள் நான் பதில் சொல்வேன் என்பதுபோல.  அப்பா நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தேய்த்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடிப்பு கோணலாக வந்தது. அம்மா அதைத் திருத்தவில்லை.